ஒரு சட்டகம், இரு ஸ்போர்ட்ஸ் கார்கள்

சித்தூர் நகரில் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று ஜாக்கியின்மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். பின்பக்கம் முழுவதும் தரையைவிட்டு எழும்பியிருந்தது. ஆயின், பின்சக்கரங்கள் பிற கார்களிற் போல நேராகத் தொங்கவில்லை. அவற்றின் அடிப்பாகம் உள்நோக்கியும் மேற்பாகம் வெளிநோக்கியும் சாய்ந்திருந்தன. அச்சு ஏதேனும் முறிந்துவிட்டதோ என வினவினேன். பட்டறையின் முதியவர் நகைத்தார். "கோழியைத் தூக்கினால் காலை இடுக்கிக்கொள்ளும் பாருங்கள் சார், இந்த வண்டியும் அதே ஜாதி. கீழே இறக்கினால் சரியாகிவிடும்" என்றார்.

அவர் கூறியது உண்மையே. ஆனால், ஜாக்கியின்மேல் நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்த நிலை, மலைப்பாதை வளைவொன்றில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நேருமாயின் யாது விளையும்? இவ்வினா இங்கிலாந்திலும் சென்னையிலும் பொறியியலாரைப் பல ஆண்டுகள் வருத்தியது. ஹெரால்டின் சட்டகத்திலிருந்தே தோன்றிய ஸ்பிட்ஃபயர், ஜி.டி. 6 என்னும் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டு நோக்கினால், பொதுவான உறுப்புக்களைக் கொண்டு பல வண்டிகளைக் கட்டும் முறையின் நன்மையும் அதன் இடரும் ஒருங்கே விளங்கும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பதை 'விளையாட்டுக் கார்' என மொழிபெயர்த்தால் குழந்தைகளின் பொம்மை வண்டி என்றே பொருள்படும். 'பந்தயக் கார்' என்றாலோ, பந்தயக் களத்துக்கன்றி வேறெதற்கும் உதவாதது என்றாகிவிடும். இரண்டு பேர் அமரத்தக்கதாய், தாழ்ந்த உருவமும் குறைந்த எடையும் உடையதாய், பொதுச் சாலையிலேயே ஓட்டி மகிழ்வதற்கென அமைக்கப்பட்ட வண்டி என்று கொள்க. பெயரை அப்படியே ஆள்வதே நலம்.

ஹெரால்டின் தோற்றம்

ஹெரால்டு, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்தாரால் 1959ஆம் ஆண்டில் 'டிரையம்ஃப்' என்னும் பெயருடன் வெளியிடப்பட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. பொறியியற் பணியை முன்நின்று நடத்தியவர் ஹாரி வெப்ஸ்டர். அக்காலத்தில் கார் உற்பத்தியாளர் பலர் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, உடலே சட்டகமாகவும் அமையும் ஒற்றைக் கூடு முறைக்கு மாறிக்கொண்டிருந்தனர். ஸ்டாண்டர்டு நிறுவனத்தாரால் அவ்வாறு செய்ய இயலவில்லை. அவர்களுக்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலை, போட்டி நிறுவனமொன்றின் கைக்குப் போய்விட்டது. ஆகவே அடியில் எஃகுச் சட்டகம் ஒன்றை அமைத்து, உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களிற் செய்வித்து, அதன்மேல் திருகாணிகளால் பூட்டினர்.

வேறு வழியின்றி மேற்கொண்ட இம்முறையே பின்னர் பெரும் பயன் தந்தது. ஒற்றைக் கூட்டுக் காரில் உருவத்தை மாற்ற வேண்டுமாயின் விலைமிக்க அச்சுக்கள் பலவற்றைப் புதிதாகச் செய்தல் வேண்டும். தனிச் சட்டக வண்டியிலோ, சட்டகத்தைச் சற்றுக் குறுக்கி வேறொரு மேலுடலைப் பூட்டினால் புதிய கார் ஒன்று உருவாகிவிடும். சாதாரண லாரியின் சேசிஸின்மேல் பஸ் உடலையும், தண்ணீர்த் தொட்டியையும் மாற்றிமாற்றிக் கட்டுவதைக் கண்டிருக்கும் நமக்கு இது புதிதன்று.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. வண்டலூரிலிருந்த அதன் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு உற்பத்தியாயிற்று. இங்கு அது டிரையம்ஃப் என்னும் பெயரைத் துறந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆயிற்று. முன்பக்க உடல் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்து, எஞ்சினும் முன்சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும் அமைப்பு அதற்கு உண்டு. பழுதுபார்ப்பவர் சக்கரத்தின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். வண்டி முழு வட்டமடிக்க ஏறத்தாழ 7.6 மீட்டர் விட்டமுள்ள இடம் போதும். கொண்டையூசி வளைவுகளில் இது எத்துணை வசதி என்பதைப் பெரிய வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்பியவர்களே அறிவர்.

எழுபத்தாறு மில்லிமீட்டர்

பொதுப் பொறியியல் என்பதன் பொருளை எஞ்சினில் மிகத் தெளிவாகக் காணலாம். சிலிண்டரின் துளை விட்டம், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் வீச்சு ஆகிய இரண்டு அளவுகளே எஞ்சினின் கொள்ளளவைத் தீர்மானிக்கின்றன. சென்னை ஹெரால்டின் எஞ்சின் 948 க.செ.மீ.; துளை 63 மி.மீ., வீச்சு 76 மி.மீ., சிலிண்டர்கள் 4. ஸ்பிட்ஃபயரின் முதல் எஞ்சின் 1147 க.செ.மீ.; துளை 69.3 மி.மீ., வீச்சு அதே 76. ஜி.டி. 6 காரில் 6 சிலிண்டர்கள். கொள்ளளவு 1998 க.செ.மீ., துளை 74.7 மி.மீ., வீச்சு மீண்டும் 76! இம்மூன்றுக்கும் முன்னோடியாக 1953இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட் காரின் 803 க.செ.மீ. எஞ்சினிலும் வீச்சு 76 மி.மீட்டரே. வட்டத்தின் பரப்பளவையும் உருளையின் கன அளவையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வெண்களை மாணவர்க்குக் கணக்காகக் கொடுக்கலாம். விடை மிக நெருக்கமாக வருவதைக் காண்பர்.

வீச்சை ஏன் மாற்றவில்லை? துளையைப் பெரிதாக்குவது ஒப்பளவில் எளிது. வீச்சை மாற்ற வேண்டுமெனில் கிராங்க் தண்டின் வடிவையே மாற்றி, அதைக் கடையும் இயந்திரங்களையும் புதிதாக அமைத்தல் வேண்டும். ஆயினும், துளையை வேண்டுமட்டும் அகட்ட முடியாது; அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு இடையேயுள்ள சுவர் மெலிந்துவிடும். அந்த எல்லையை அடைந்த பின்னரே, 1974இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் 1500இல் வீச்சு 87.5 மி.மீட்டராக உயர்த்தப்பட்டது.

இருவரின் இயல்பு

ஸ்பிட்ஃபயர் 1962ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. அது வெளிவந்ததே ஒரு தற்செயல் எனலாம். மிக்கெலோட்டி செய்து கொடுத்த மாதிரி வண்டி, பணமுடை காரணமாகத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் நிறுவனத்தை லேலண்டு வாங்கியது. எண்ணூரில் செய்யப்படும் லாரிகளின் பெயரில் நாம் அறிந்த அதே லேலண்டுதான். புதிய உரிமையாளர்கள் துணியை விலக்கிப் பார்த்து உற்பத்திக்கு இசைந்தனர்.

ஹெரால்டில் முன்பின் அச்சுக்களுக்கு இடையே இருந்த 2,324 மி.மீ. தூரத்தை 2,108 மி.மீட்டராகக் குறுக்கி, சட்டகத்தின் பக்கவாட்டுச் சட்டங்களை நீக்கி, முதுகெலும்பு போன்ற நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டனர். நீக்கிய சட்டங்களின் வேலையை உடலின் கதவடிப் பெட்டிகள் ஏற்றன. முன்சக்கரத் தொங்கல் அமைப்பு, ஸ்டியரிங், பின் அச்சு ஆகியன ஹெரால்டினுடையவையே. கார்புரேட்டர் இரண்டாயிற்று; திறன் 63 குதிரைத் திறனாயிற்று. எடை ஏறத்தாழ 710 கிலோகிராம். ஒவ்வொரு குதிரைத் திறனும் சுமார் 11 கிலோகிராம் எடையை இழுத்தால் போதும்.

திறந்த ஸ்பிட்ஃபயருக்கு நிலையான கூரை அமைத்துப் பார்த்தபோது, மிகுந்த எடையைச் சிறிய எஞ்சின் இழுக்கத் திணறியது. ஆகவே, அதே மரபில் வந்த 6 சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினர். எஞ்சின் நீண்டு உயர்ந்திருந்தமையால் முன்மூடியில் ஒரு புடைப்பு வேண்டியதாயிற்று. இதுவே 1966இல் வெளியான ஜி.டி. 6. திறன் 95 குதிரை. எடை ஏறத்தாழ 860 கிலோகிராம். ஒரு குதிரைத் திறனுக்குச் சுமார் 9 கிலோகிராம்.

எண்களால் மட்டும் இவ்விரண்டையும் அளந்துவிட முடியாது. ஸ்பிட்ஃபயர் இலேசான முன்பக்கத்தை உடையது. ஸ்டியரிங்கைச் சிறிது தொட்டாலும் திரும்பும். வேகம் வேண்டுமாயின் எஞ்சினை விரட்ட வேண்டும். கியரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஜி.டி. 6 நெடுஞ்சாலைக்கு உரியது. அதன் எஞ்சின் விரட்டப்படாமலே இழுக்கும். கியர் பெட்டியும் மேம்பட்டது. ஆனால் மூக்கு கனத்தது; மூடிய கூண்டில் எஞ்சினின் வெப்பமும் தங்கும். இரட்டையர் என்று சொல்லத்தக்க முகச்சாயல் இருந்தபோதிலும், ஒன்று துடிப்பான சிறுவன், மற்றொன்று நிதானமான பெரியவன். என் மதிப்பீட்டில், சிறிய வண்டியே தன் பெற்றோரின் குணத்துக்கு உண்மையாக இருந்தது. பெரியதோ, பெற்றோர் தாங்குவதற்கு மேல் கேட்டது. அதை எங்கே கேட்டது என்பதை இனிக் காண்போம்.

ஊசல் அச்சு

சாதாரண லாரியின் அல்லது ஜீப்பின் பின்புறத்தில், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம்வரை நேரான இரும்புக் குழல் ஒன்று செல்வதைக் காணலாம். இடையில் டிஃபரன்ஷியல் பெட்டி உருண்டு நிற்கும். இது ஒரே துண்டான விறைப்பான அச்சு. ஹெரால்டில் அவ்வாறன்று. டிஃபரன்ஷியல் பெட்டி சட்டகத்தோடு அசையாது பூட்டப்பட்டுள்ளது. அதன் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு மூட்டு. மூட்டிலிருந்து ஒரு அரைத்தண்டு. தண்டின் முனையில் சக்கரம். ஊஞ்சற் சங்கிலி மேற்கொக்கியைச் சுற்றி ஆடுவதுபோல, சக்கரமும் தண்டும் மூட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். இதனை ஊசல் அச்சு என்று வழங்குவோம். மேலே குறுக்காக ஒரு தகட்டு வில் வைத்து இரு சக்கரங்களையும் தாங்குவித்தனர். பட்டறைகளில் 'பிளேட்டு' என்பது இதுவே.

செலவு குறைவு, ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மற்றது பாதிக்கப்படுவதில்லை, பயணம் மென்மையாகும். ஆயினும், சக்கரம் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் நேராக நில்லாமல் சாய்கிறது. சித்தூர்ப் பட்டறையில் நான் கண்ட காட்சி அதுவே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு தீப்பெட்டியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு பென்சிலை ரப்பர் வளையத்தால், மூட்டுப்போல மடங்குமாறு கட்டுக. பென்சில்களின் வெளிமுனையில் நூற்கண்டுக் கட்டைகளைச் சக்கரங்களாகச் செருகுக. மேசைமேல் வைத்துத் தீப்பெட்டியை அழுத்தினால் சக்கரங்களின் அடி வெளியே அகலும். தூக்கினால் அடி உள்ளே ஒடுங்கும். இப்போது ஒரு சக்கரத்தின் அடியை மட்டும் விரலால் உள்நோக்கித் தள்ளுக. தீப்பெட்டி மேலே எழும்புவதை மாணவர் காண்பர்.

விரல் செய்த அச்செயலை வளைவில் தரை செய்கிறது. 800 கிலோகிராம் எடையுள்ள வண்டி, 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 24 கி.மீ. வேகத்திற் சென்றால், அதைத் திருப்ப ஏறத்தாழ 180 கிலோகிராம் எடைக்குச் சமமான பக்கவிசை வேண்டும். வேகம் 36 கி.மீ. ஆனால், விசை 400 கிலோகிராம் எடையை எட்டும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது விசை இரண்டேகால் மடங்காகிறது. இவ்விசை முழுவதும் சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்திலேயே, வளைவின் நடுவை நோக்கிச் செயற்படுகிறது. அவ்விடம் அரைத்தண்டின் மூட்டைவிடத் தாழ்ந்திருப்பதால், வெளிப்புறச் சக்கரம் வண்டிக்கு அடியிலே தள்ளப்படுகிறது. வண்டி மேலே எழும்புகிறது. உட்புறச் சக்கரத்தில் உள்ள விசை இதற்கு எதிராக வண்டியைக் கீழே இழுக்கத்தான் செய்கிறது. ஆயினும் வளைவில் பாரம் வெளிப்புறத்துக்கே சாய்வதால், உட்புறத்தின் பங்கு சிறிது. வெளிப்புறமே வெல்லும். எழும்பிய வண்டியின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. சாய்ந்த டயர் விளிம்பால் மட்டும் தரையைப் பற்றுகிறது. பிடிப்பு திடீரெனக் குறைகிறது. வண்டியின் பின்பக்கம் வெளியே வீசப்படுகிறது.

வளைவின் நடுவில் அச்சமுற்ற ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் நிலைமை மேலும் கேடாகும். வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய, பின்பக்கம் தானாகவே எழும்பும். சக்கரம் ஒடுங்குவதற்கு அதுவே தூண்டுதல். இயற்கையான தற்காப்புச் செயலே இங்கு ஆபத்தை வரவழைக்கிறது.

திருப்பதியிலிருந்து திருமலைக்கு 1944இல் முதலாவது மலைப்பாதை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது பாதை அமைந்தபின், ஏறுவதற்குப் புதியதும் இறங்குவதற்குப் பழையதும் பயன்பட்டு வருகின்றன. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தை, கொண்டையூசி வளைவுகள் பலவற்றின் வழியே இறங்க வேண்டும். இறங்கும் வண்டியின் பாரம் எப்போதும் முன்னோக்கியே சாய்ந்திருக்கும். கால் ஆக்ஸிலரேட்டரில் அன்றி பிரேக்கிலேயே இருக்கும். ஊசல் அச்சுக்கு இதைவிடக் கடினமான தேர்வு கிடையாது. குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னதாக வண்டிகள் அடிவாரத்தை அடைதல் கூடாதெனத் தேவஸ்தானத்தார் ஏற்படுத்திய விதியை, வேகமும் பக்கவிசையும் பற்றிய மேற்கண்ட கணக்கோடு சேர்த்து நோக்கின் அதன் காரணம் விளங்கும். சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையிலுள்ள மொகிலி மலைச்சாலைக்கும் இக்கணக்கு பொருந்தும்.

இங்கு ஒரு வியப்பு. குடும்பத்தார் நால்வரும் பெட்டி படுக்கைகளும் ஏறிய ஹெரால்டு, இவ்வகையில், ஒருவர் மட்டும் அமர்ந்த ஸ்பிட்ஃபயரைவிடப் பாதுகாப்பானது. பின்பக்கப் பாரம் வண்டியை அழுத்திச் சக்கரங்களின் அடியை வெளியே அகட்டி வைத்திருக்கும். மேலும், 948 க.செ.மீ. எஞ்சின் அத்துணை வேகத்துக்கு இடம் தருவதுமில்லை. ஒரே உறுப்பு, ஒரே வடிவம். ஹெரால்டில் பொறுத்துக்கொள்ளத்தக்கதாயிருந்தது ஸ்பிட்ஃபயரில் கவனத்துக்குரியதாயிற்று. 95 குதிரைத் திறன் கொண்ட ஜி.டி. 6இலோ வெளிப்படையான குறையாயிற்று. அமெரிக்க மோட்டார் இதழ்கள் அக்காரின் எஞ்சினைப் புகழ்ந்தும் பின் அச்சைக் குறைகூறியும் எழுதின.

இக்குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன், அமெரிக்காவின் ஷெவ்ரலே கார்வேர் ஆகியவற்றிலும் ஊசல் அச்சு இருந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியது. அந்த ஆண்டுக்குரிய கார்வேரிலேயே நிறுவனத்தார் அமைப்பை மாற்றிவிட்டனர். பழைய கார்வேர், அக்காலத்து ஒத்த கார்களைவிட மிகுந்த அபாயம் உடையதன்று என 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு முடிவு கூறியதையும் இங்கே சொல்லிவிடுதல் முறை.

மூன்று மருந்துகள்

முதல் மருந்து 1968இல் ஜி.டி. 6இன் இரண்டாம் மாதிரிக்குக் கிட்டியது. சக்கரத்தின் அடியைச் சட்டகத்தோடு பிணைக்கும் கீழ்க்கரம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தனர். குறுக்கு வில் மேற்கரம்போலப் பயன்பட்டது. மேலும் கீழும் பிணைப்பு இருப்பதால் சக்கரம் ஏறத்தாழ நிமிர்ந்தே ஏறி இறங்கும். தண்டு நீளவும் குறுகவும் வேண்டியிருப்பதால், அதற்கெனத் தடித்த ரப்பர் இணைப்பொன்று நடுவே வைக்கப்பட்டது. நோயின் மூலத்தையே நீக்கிய மருந்து இது. ஆனால் விலை மிகுந்தது. மலிவான ஸ்பிட்ஃபயருக்கு அது கொடுக்கப்படவில்லை.

ஸ்பிட்ஃபயருக்கு 1970இல் வேறொரு மருந்து கிடைத்தது. என் கருத்தில் மூன்றினுள் மிக நுட்பமானது இதுவே. அதுவரை குறுக்கு வில்லின் தகடுகள் யாவும் டிஃபரன்ஷியல் பெட்டியின்மேல் இறுகப் பூட்டப்பட்டிருந்தன. வளைவில் உடல் ஒருபக்கம் சாயும்போது அவ்வில் சாய்வை வலுவாக எதிர்த்து, பாரத்தை வெளிப்புறப் பின்சக்கரத்தின்மேல் ஏற்றியது. இப்போது அடித்தகடு ஒன்றை மட்டும் பூட்டி, மற்றவற்றைச் சிறுவர் ஏறி ஆடும் ஏற்றப் பலகைபோல நடுவில் ஆடவிட்டனர். இரு சக்கரங்களும் ஒருங்கே மேடேறினால் வில் முன்போலத் தாங்கும். உடல் சாய்ந்தால் எதிர்ப்பின்றி ஆடிக்கொடுக்கும். சாய்வைத் தடுக்கும் வேலையை முன்பக்கத்தில் தடித்த முறுக்குக் கம்பி ஏற்றது. விளைவாகப் பின்சக்கரங்கள் இரண்டும் பாரத்தைப் பெரும்பாலும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. வண்டியைத் தூக்கும் வெளிப்புற விசையும் தாழ்த்தும் உட்புற விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்தன. தகட்டைப் பூட்டும் முறையை மாற்றியதொன்றே செய்தது. புதிய கரமில்லை, ரப்பர் இணைப்பில்லை. 1973இல், ஜி.டி. 6 தன் கடைசி ஆண்டில், விலைமிக்க முதல் மருந்தைக் கைவிட்டு இந்த மலிவான மருந்தையே ஏற்றது. இளையது மூத்தோனுக்குக் கொடுப்பது பொது உறுப்பு முறையில் அரிதன்று. ஸ்பிட்ஃபயர் 1980 வரை உற்பத்தியில் இருந்தது.

மூன்றாவது மருந்து சென்னையிற் செய்யப்பட்டது. 1968இல் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் அமைத்த வண்டலூர்ப் பொறியியலார், 1972இல் அதன் வழித்தோன்றலாக 'ஸ்டாண்டர்டு கசெல்' என்னும் காரை வெளியிட்டனர். எஞ்சின் அதே 948 க.செ.மீ.; ஆனால் ஊசல் அச்சை முற்றிலும் நீக்கி, லாரியிலும் ஜீப்பிலும் உள்ளதைப் போன்ற விறைப்பான ஒரே அச்சைப் பொருத்தினர். வாங்குவோரும் பழுதுபார்ப்போரும் ஊசல் அச்சை விரும்பவில்லை என்பதே காரணம்.

கவென்ட்ரியில் உலகத்தார் முன்னோக்கிச் செல்ல, சென்னையில் பின்னோக்கிச் சென்றதாக இதனை எள்ளி எழுதியோர் உளர். அது நேரிய கணிப்பன்று. விறைப்பான அச்சில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும், பயணம் குலுங்கும், வில்லுக்குக் கீழுள்ள எடையும் மிகும். ஆயினும் வளைவில் சக்கரங்கள் ஒடுங்கமாட்டா. ஏற்றிய பாரம் எவ்வளவாயினும், ஓட்டுநர் காலை எப்போது எடுப்பினும், அவை தரைக்கு நேராகவே நிற்கும். சிற்றூர்ப் பட்டறையிலும் அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் இருப்பார். வேகத்தை விரும்பி ஒருவர் ஓட்டும் வண்டிக்கும், நால்வர் ஏறி அறுவரும் ஏறக்கூடிய வண்டிக்கும் ஒரே மருந்தை எழுதுவது மருத்துவமாகாது. கசெல் சிறிய எண்ணிக்கையிலேயே, 1977 வரை, உற்பத்தியாயிற்று. அதன் தோல்விக்குக் காரணங்கள் வேறு; பின் அச்சு அவற்றுள் ஒன்றன்று என்றே கருதுகிறேன்.

ஒரே பொறியியலை இரு வண்டிகள் பகிர்ந்துகொள்ளும் முறை இன்று உலகெங்கும் பெருகிவிட்டது. 2022இல் தனி மாவட்டமாகிய திருப்பதியின் எல்லைக்குள்ளேயே ஸ்ரீசிட்டியில், 2016இல் தொடங்கப்பட்ட இசுசு தொழிற்சாலையில், டி-மேக்ஸ் என்னும் சரக்கு வண்டியும் எம்.யு.-எக்ஸ் என்னும் பயணிகள் வண்டியும் ஒரே குடும்பச் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டன. பாரம் சுமக்கும் முதலாவதன் பின்புறத்தில் தகட்டு வில். மனிதரைச் சுமக்கும் இரண்டாவதில் சுருள்வில். ஜப்பானில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டொயோட்டா ஜி.ஆர். 86, சுபாரு பி.ஆர்.இசட். ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். எஞ்சின், உடல், கியர் பெட்டி யாவும் பொது. 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில், சுபாருவுக்கு முன்வில்லும் டொயோட்டாவுக்குப் பின்வில்லும் விறைப்பாக அமைக்கப்பட்டன. அதனால் முன்னது வளைவில் அடங்கி நடக்கும். பின்னதன் பின்பக்கம் துள்ளும். சாய்வைத் தாங்கும் பொறுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வாறு பங்கிடுவது என்னும், 1970இல் ஸ்பிட்ஃபயரில் எழுந்த அதே கேள்விதான் இது.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் களப்பணிக்குச் செல்வோர், பழைய பங்களாக்களின் கொட்டகைகளில் ஹெரால்டோ கசெலோ தூசு படிந்து நிற்கக் காண நேரலாம். பெயர்ப் பலகை உதிர்ந்திருப்பின், பின்புறம் குனிந்து நோக்குக. நடுப்பெட்டி சட்டகத்தோடு ஒட்டி நிற்க, இருபுறமும் மூட்டுடைய தண்டுகளும் மேலே குறுக்கே ஒரு தகட்டு வில்லும் தென்பட்டால் அது ஹெரால்டு. சக்கரத்திலிருந்து சக்கரம்வரை ஒரே நேர்க்குழல் சென்றால் அது கசெல்.